‘சரிங்க’ என்றால் என்ன பொருள்? சேலத்தில் விசுவாசம் பற்றிப் பேசப்போகிறவர்களுக்கு

சேலம் பக்கத்தில் இயேசுவைப் பற்றி யாரிடம் பேசினாலும் பத்தாவது நிமிடத்தில் கிடைக்கும் பதில் ‘சரிங்க’. பேசப்போனவர் மனம் குளிர்ந்து திரும்புகிறார். சபைக் கூட்டத்தில் ‘ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டது’ என்று சொல்லியும் விடுகிறார். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தால் சாமி அறையில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே இயேசு படம், அதற்கும் மஞ்சள் குங்குமம், ஊதுவத்தி. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வீட்டு அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்.

அதே தெருவில் கறுப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு ‘இதுல எனக்கு நம்பிக்கை இல்லை, போயிட்டு வாங்க’ என்று அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சொன்னதை அந்த அம்மாவைவிட இவர்தான் சரியாகக் காதில் வாங்கியிருக்கிறார். ‘சரி’க்கும் ‘இல்லை’க்கும் பின்னால் ஒருவர் உலகத்தைப் பார்க்கும் விதம் இருக்கிறது. நோய் ஏன் வருகிறது, செத்தால் என்ன ஆகிறோம், யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதற்கெல்லாம் அவரிடம் ஏற்கெனவே பதில் உண்டு. நீங்கள் சொல்வது அந்தப் பதில்களின் வழியாகத்தான் அவர் காதுக்குப் போகும். அதைத் தெரிந்துகொண்டு பேசுவது எப்படி என்பதற்கான குறிப்புகள் இவை. ஆள் பிடிக்கும் உத்தி தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

போவதற்கு முன்

இரண்டு பேராகப் போங்கள். ஐந்து பேர் போனால் தெருவே எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரர் பிறகு உங்களுக்குப் பதில் சொல்வதில்லை, தெருவுக்குத்தான் பதில் சொல்வார். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண்கள் மட்டும் போக வேண்டாம்.

செவ்வாய், வெள்ளி மாலைகள் விளக்கு வைக்கும் நேரம், தவிர்த்துவிடுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது ஊரே வேறு மனநிலையில் இருக்கும். அப்போது விசுவாசம் பற்றிய பேச்சை எடுப்பது கல்யாண வீட்டில் கடன் கேட்பது மாதிரி. கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு வேலைக்குத் தகுந்த கூலி, பகலில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரம் அவர்களுக்குப் பணம். கைத்தறிக்காரர் நெய்துகொண்டே பேசுவார். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் பேசவே விடாது. ஏற்காட்டில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். மலைக்காரர்கள் வீடு திரும்புவதே இருட்டும் நேரத்தில், உடம்பெல்லாம் வலியோடு.

சாப்பிட ஏதாவது கொடுத்தால் என்ன செய்வது என்று முன்னமே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பவுல் 1 கொரிந்தியர் 10இல் சொல்வது எளிது: முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதே. சாப்பிடுவதில்லை என்றால் கையெடுத்துக் கும்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தீர்களோ, அத்தோடு அந்த வீடு முடிந்தது.

முதல் சந்திப்பு 40 நிமிடம் போதும். அதில் நீங்கள் பேசுவது 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பிரசங்கம் பழகிய வாய்க்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

ஆறு கேள்விகள்

முதல் இரண்டு சந்திப்பும் கேட்பதற்கு. விசாரணை போல வரிசையாகக் கேட்காமல் பேச்சுவாக்கில் இவற்றைக் கொண்டுவாருங்கள்.

‘வீட்ல யாருக்காச்சும் உடம்பு முடியலைன்னா மொதல்ல எங்க கூட்டிட்டுப் போவீங்க?’ பதில் மருத்துவமனையா, மந்திரிக்கிறவரா, இரண்டுமா, எது முதலில் என்பதைக் கவனியுங்கள். ‘புது வண்டி எடுத்தா மொதல்ல எங்க நிறுத்துவீங்க?’ பாதுகாப்பை யாரிடம் எதிர்பார்க்கிறார் என்பது இதில் தெரியும். ‘குலசாமி எந்த ஊருங்க? வருசத்துல எத்தனை தடவை போவீங்க?’ என்று கேட்டால் குடும்பத்தின் கதையே வெளியே வரும். இந்தக் கேள்விக்கு முகம் மலராதவர் சேலத்தில் குறைவு. ‘வீட்ல பெரிய முடிவுன்னா யாரு சொல்றது?’ என்பது நான்காவது. ‘நல்ல மனுசனுக்கு இப்படி ஆகுதே, ஏன்னு நெனைக்கறீங்க?’ என்பதை அக்கம்பக்கத்தில் ஒரு துக்கம் நடந்திருந்தால் மட்டும் கேளுங்கள். ‘சாமி உங்களுக்கு என்ன செஞ்சிருக்கு?’ என்பது கடைசி. இதற்கு வரும் பதிலை இடைமறித்துத் திருத்தாதீர்கள்.

வெளியே வந்த பிறகு ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எதற்குப் பயப்படுகிறார், யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறார், எதை நம்பி நாளைத் தள்ளுகிறார். பெயர், முகவரி வேண்டாம். அவர்முன் நோட்டை எடுக்கவே கூடாது. கணக்கெடுக்க வந்தவர் என்று நினைப்பார். அந்த நினைப்பு நியாயமானதும்கூட.

நேர்த்திக்கடன் மனம்

சேலத்தில் எங்கும் இருப்பது இதுதான். கேட்டது கிடைத்தால் அக்னிச்சட்டி, அலகு, பூமிதி. கிடைக்காவிட்டால் வேறு சாமி. கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை, எந்தக் கடவுள் கேட்டதும் கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. இந்த மனம் இயேசுவுக்குக் கதவை அகலத் திறக்கும். வேளாங்கண்ணிக்கு மொட்டை அடிக்கப் போகிறவர்களில் எத்தனையோ பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். திறந்த கதவைப் பார்த்துச் சந்தோஷப்படுமுன் அது எந்த அறைக்குப் போகும் கதவு என்று பாருங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘இயேசுவிடம் கேளுங்கள், கட்டாயம் சுகம் கிடைக்கும்’ என்று சொல்லிவிடுகிறோம். சுகம் கிடைத்தால் ஒரு தேங்காய்ப் பழத் தட்டோடு ஆலயத்துக்கு வந்து கடனைத் தீர்த்துவிட்டுப் போய்விடுவார், கணக்கு முடிந்தது. கிடைக்காவிட்டால் அடுத்த சாமி. இரண்டிலும் அவர் பார்வை அப்படியே இருக்கிறது, நாம்தான் அதற்குள் ஒரு கடை போட்டோம்.

செய்ய வேண்டியது: ஜெபிக்கக் கேட்டால் ஜெபியுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். பிறகு லூக்கா 17இல் வரும் பத்துக் குஷ்டரோகிகளின் கதையைச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கும் சுகம் கிடைத்தது, திரும்பி வந்தவன் ஒருவன். ‘ஒன்பது பேருக்குக் கிடைச்சதும் இவனுக்குக் கிடைச்சதும் ஒண்ணுதானுங்களா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வரத்துக்கும் வரம் கொடுத்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே சொன்னால்தான் அது அவருடையதாகும்.

கயிறு, எலுமிச்சை, முனி

தெலுங்கு நாட்டில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே ஊழியமும் செய்த மானுடவியலாளர் பால் ஹீபர்ட் 1982இல் ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலுக்குப் பெயர் வைத்தார். மேற்கத்தியக் கல்வி பெற்ற ஊழியக்காரனிடம் இரண்டு மாடிகள்தான் உண்டு: மேலே கடவுள், சொர்க்கம், கீழே விஞ்ஞானம், மருந்து. ஜனங்களிடம் நடுமாடி ஒன்று இருக்கிறது. திருஷ்டி, செய்வினை, பேய், ஜாதகம், நல்ல நேரம், செத்துப்போன தாத்தா எல்லாம் அங்கேதான். ஊழியக்காரனுக்கு அந்த மாடி கண்ணுக்கே தெரிவதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. கிறிஸ்தவரான பிறகும் ஜனங்கள் குழந்தைக்கு உடம்பு சுட்டால் மந்திரிக்கிறவரிடம் போவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

நம்மூரில் இன்று தவறு வேறு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சில கூட்டங்களில் நடுமாடியைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. கையிலிருந்த கறுப்புக் கயிற்றை அறுத்துவிட்டு ஜெப எண்ணெய்ப் புட்டி கொடுக்கிறார்கள். கயிறு போய்ப் புட்டி வந்தது, பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புட்டி தீர்ந்ததும் அதே நடுக்கம்.

பயத்தோடு இருப்பவரிடம் ‘பேயெல்லாம் இல்லை’ என்றும் சொல்லாதீர்கள், ‘உங்கள் வீட்டில் ஏதோ இருக்கிறது’ என்றும் சொல்லாதீர்கள். முதலாவதைச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார், இரண்டாவது அவர் தூக்கத்தைக் கெடுக்கும். மாற்கு 4:35 முதல் 5:20 வரை ஒரே மூச்சில் படியுங்கள். புயல், பிறகு பேய் பிடித்துக் கல்லறைகளில் திரிந்த மனுஷன். கடைசியில் அந்த ஆள் உடுத்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் எதுவும் கட்டவில்லை.

வலிப்பு, விடாத தலைவலி, காதில் குரல் கேட்பது, தூக்கமின்மை என்று சொன்னால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ நரம்பியல் பிரிவுக்கோ கூடவே போங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416. சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ ‘விசுவாசத்தோடு நிறுத்துங்கள்’ என்று சொல்கிறவரை அந்த வீட்டுக்குள் விடவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

பங்காளிகளும் கொள்ளியும்

நாற்பது வயது ஆண் ஒருவர், நான்கு மாதமாக ஆர்வத்தோடு படிக்கிறார், கேள்வி கேட்கிறார். திடீரென்று நின்றுவிடுகிறார். காரணத்தை வேத வசனத்தில் தேடாதீர்கள். பெரும்பாலும் வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள்: ‘அப்ப எனக்குக் கொள்ளி வைக்க மாட்டியா?’

குலதெய்வம் என்பது கோயில் மட்டும் அல்ல. பங்காளிகள் யார், பெண் எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது, யார் துக்கத்துக்கு யார் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் கட்டியிருக்கிறது. ‘இயேசுவை ஏற்றுக்கொள்’ என்பது அவர் காதில் ‘பங்காளிகளை அறுத்துக்கொள்’ என்று விழும். தனிமனிதன் தானாக முடிவெடுப்பான் என்ற எண்ணத்தோடு போகிறவருக்கு இது கோழைத்தனமாகத் தெரியும். ஆனால் அந்த நாற்பது வயதுக்காரர் வாழ்வது அப்பா இருக்கும்போது தனக்கென்று தனி முடிவு எடுக்காத வீட்டில். அதில் மரியாதை இருக்கிறது.

எனவே ஆரம்பத்திலேயே குடும்ப வரைபடம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்: மூத்தவர், தாய்மாமன், கட்டிக்கொடுத்த அக்கா தங்கை. வாய்ப்பு கிடைத்தால் மூத்தவரிடம் முதலில் பேசுங்கள். பையனிடம் ஒளித்துப் பேசிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட, ‘உங்க பையன் வேதம் படிக்கக் கேக்கறாருங்க, நீங்களும் உக்காந்து கேளுங்க’ என்று அப்பாவிடம் நேரில் சொல்வது மேல். திட்டு வாங்கலாம், பரவாயில்லை.

சாவு வீட்டைப் பற்றிய கேள்விக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பே பதில் வேண்டும். பாடை தூக்குவது, ராத்திரி முழுக்கக் கூட இருப்பது, செலவில் பங்கு, வந்தவர்களுக்குச் சாப்பாடு, அம்மாவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் செய்யக்கூடியவை. செய்ய மாட்டாதவை எவை, திதி கொடுப்பதா, பிண்டம் வைப்பதா, என்று அவரே உட்கார்ந்து பிரிக்கட்டும். கொள்ளி வைப்பதில் சபைக்குச் சபை நிலை வேறு, உங்கள் சபையின் நிலையை மழுப்பாமல் சொல்லுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்த மாற்கு 7ஐயும், எஜமானன் கையைத் தாங்கிக்கொண்டு ரிம்மோன் கோயிலில் குனிய வேண்டியிருக்கும் நாகமானுக்கு எலிசா ‘சமாதானத்தோடே போ’ என்ற 2 இராஜாக்கள் 5ஐயும் சேர்த்துப் படியுங்கள். தயாராக விடை வைத்திருப்பவர்களை இந்தப் பகுதிகள் கொஞ்சம் நிதானிக்க வைக்கும்.

தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிப்பது, இன்னொரு முள். ஊர்ப் பண்டிகைக்கு வரி கொடுக்க மாட்டேன் என்றால் ஊர்க் கிணறு, பாதை வரை பேச்சு போகும். பூசைச் செலவுக்குத் தராமல் ஊர்ப் பொதுவேலைக்கு அதே தொகையோ கூடுதலாகவோ தருவது பல இடங்களில் ஒத்துவரும். பேச வேண்டியது அவர்தான், ஊர்ப் பெரியவர்கள் முன் நீங்கள் போய் நிற்காதீர்கள்.

‘அது அந்த ஆளுங்க கோயில்’

வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் சேலத்தில் கிறிஸ்தவத்தைப் பற்றிய எண்ணத்தில் பாதி சாதியைப் பற்றிய எண்ணம். இதன் வேர் பழையது. 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்துத் தமிழும் வடமொழியும் படித்த தத்துவ போதகர் என்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி 1623இல் சேலம் பக்கம் வந்தார். அவர் தமிழர் மனத்தோடு பேசியதில் நமக்குப் பாடம் உண்டு. சாதி முறையைச் சமூக வழக்கம் என்று ஒதுக்கிவைத்ததில் எச்சரிக்கையும் உண்டு. 1827இல் சேலத்துக்கு வந்த லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்டு சங்கம் சாதியை ஏற்காத வேறு வழி பிடித்தது. இருநூறு வருடம் நெருங்குகிறது, ‘எந்தச் சர்ச்சு, அங்க யாரெல்லாம் வர்றாங்க’ என்ற கேள்வி மட்டும் போகவில்லை. அதற்கு மழுப்பினால் அவர் உங்களை நம்ப மாட்டார். சபைக்குள் சாதி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். யார் வீட்டில் யார் சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

தலையெழுத்து

‘எல்லாம் விதிங்க’ என்பவரிடம் யோவான் 9. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர் கேட்பது அச்சு அசல் நம்மூர்த் திண்ணைக் கேள்வி: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இயேசு இரண்டும் இல்லை என்கிறார். அதைச் சொல்லிவிட்டு அவசரப்பட்டு வினைக் கொள்கையை மறுக்க உட்காராதீர்கள். ஊனமான பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அந்த ‘இரண்டும் இல்லை’ போதும். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சிலருக்கு விதி ஆறுதலாக இருக்கிறது. ‘என் கையில ஒண்ணும் இல்லை’ என்பது ஒரு இளைப்பாறல். அதைப் பிடுங்கிவிட்டு ‘உன் முடிவு, உன் பொறுப்பு’ என்று வைத்தால் பாரம் ஏறும், இறங்காது.

கறுப்புச் சட்டைக்காரர்

நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், சேலம் மாநாட்டில். அந்த மரபில் வந்தவர்கள் இந்த ஊரில் இன்றும் உண்டு. அவர்களிடம் அற்புதத்தில் தொடங்கினால் முதல் நிமிடத்திலேயே தோற்றீர்கள். மத்தேயு 23, ஆமோஸ் 5:21-24, ஏசாயா 1 படிக்கக் கொடுங்கள். பூசாரிகளையும் பண்டிகைகளையும் கடவுளின் பெயராலேயே வெளுத்து வாங்கும் பகுதிகள் அவை. ‘இது உங்க புத்தகத்துலயா இருக்கு?’ என்பார். அதன் பிறகுதான் பேச்சு. இயேசு பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார் என்பது வரலாறு. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. இந்த ஆளுக்கு அது முக்கியம். நேர்த்திக்கடன் அம்மாவிடம் பிலாத்துவின் ஆண்டுகளைச் சொன்னால் காப்பி கொண்டுவர எழுந்து போய்விடுவார்.

மிஷனரிப் பள்ளி, ஆஸ்பத்திரி என்று அடுக்காதீர்கள். அதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு ‘அதுக்கும் கடவுள் இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பார். கேள்வி சரியானதுதான்.

‘எல்லா நதியும் கடலுக்குத்தான்’ என்பவர்கள் தனி ரகம். படித்தவர்கள், இனிமையானவர்கள், ஒன்றே குலம் ஒருவனே தேவன் என்று திருமூலர் சொன்னதை எடுத்துக்காட்டி உங்களோடு எதிலும் உடன்படுவார்கள். உடன்பாடே இங்கே சுவர். வாதாடிப் பயனில்லை. இயேசுவைப் பற்றி எது அவருக்குப் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பிடிக்காத ஒன்று வந்தால்தான் அவர் உண்மையில் சுவிசேஷத்தைப் படிக்கிறார் என்று பொருள்.

மலை மேல்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ்தான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலை உச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்களெல்லாம் திரளும். அவர்களுக்கு மலை சாமி இருக்கும் இடம் மட்டும் அல்ல, மலையே சாமி. கிறிஸ்தவம் அவர்களுக்குத் தெரிந்தது வேறு வழியில். 1820களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் காப்பி கொண்டுவந்ததிலிருந்து தோட்ட துரை, பங்களா, பிறகு கான்வென்ட். ‘அது எஸ்டேட்காரங்க சாமி’ என்ற எண்ணத்தை நம் சட்டையும் பைக்கும்கூட உறுதிப்படுத்தும்.

இங்கே ஒரு வசனத்தில் கவனம் வேண்டும். சங்கீதம் 121இன் முதல் வசனம், ஒத்தாசை வரும் பர்வதங்களை நோக்கிக் கண்களை ஏறெடுப்பது. ஏற்காட்டில் அதை மட்டும் படித்து நிறுத்தினால் ‘நாங்களும் அதைத்தானே சொல்றோம்’ என்பார்கள். அவர்கள் கேட்டது தவறில்லை. இரண்டாம் வசனத்தையும் சேர்த்துப் படித்தால்தான் ஒத்தாசை மலையிடமிருந்து வரவில்லை, மலையை உண்டாக்கினவரிடமிருந்து வருகிறது என்பது விளங்கும். அப்போஸ்தலர் 14இல் லீஸ்திரா ஊரார் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் நினைத்து மாலையோடு வந்ததும் இப்படித்தான். அங்கே பவுல் வேத வசனம் எதையும் எடுக்கவில்லை. மழை, விளைச்சல், வயிறு நிறையச் சோறு இவற்றைக் காட்டித்தான் பேசினார். மலையில் அதுவே நல்ல தொடக்கம்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் மட்டும் கூட்டம் வைக்காதீர்கள். அந்த ஒரு வீடுதான் பிறகு தனியாக நிற்கும்.

சொற்கள் வேறு காதில் விழும் விதம்

‘பாவி’ என்றால் வேதாகமத்தில் ஒரு பொருள். தெருவில் அது திட்டு. ‘அடப்பாவி’ என்றால் செல்லம். ‘ஐயோ பாவம்’ என்றால் இரக்கம். ‘நாமெல்லாம் பாவிகள்’ என்று தொடங்குகிறவரை எதிரில் இருப்பவர் எந்தப் பொருளில் கேட்பார் என்று சொல்ல முடியாது. போதாததற்குப் பாவத்துக்கு எதிர்ச்சொல் புண்ணியம். அன்னதானம் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் கதையில் இளையமகன் தகப்பனுக்கு முன்பாகப் பாவம் செய்தேன் என்கிறான். அங்கே பாவம் கணக்கு அல்ல, ஒருவருக்குச் செய்த துரோகம். கதையை முழுக்கச் சொல்லிவிட்டு ‘அந்தப் பையன் யாருக்கு என்ன செஞ்சான்?’ என்று கேளுங்கள். சொத்தைப் பிரிக்கச் சொன்ன இடத்திலேயே சேலத்துத் தகப்பன்மார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

‘இரட்சிப்பு’ வெளியே யாரும் பேசாத சொல். ‘மீட்பு’ அப்படி அல்ல, அடகு வைத்த நகையை மீட்காத வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உண்டா? வட்டி ஏறி, மூழ்கப்போகும் நகையை வேறொருவர் பணம் கட்டி மீட்டுக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், புரியும். ஆனால் அதோடு நிறுத்துங்கள். ‘அப்ப வட்டிக்கடைக்காரர் யாரு? சாத்தானா, கடவுளா?’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பழைய திருச்சபைப் பிதாக்களே ஒருவரோடொருவர் முரண்பட்டார்கள். உவமையை அது போகும் தூரத்துக்கு மேல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்.

‘மறுபடியும் பிறக்க வேண்டும்’ எல்லாவற்றிலும் ஆபத்தான வாசகம். பிறவாமை வேண்டும் என்று காரைக்கால் அம்மையார் கேட்ட மண்ணில், மறுபடி பிறப்பதை நற்செய்தியாகச் சொல்கிறோம்! கேட்பவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு, இவர்களும் ஏழு பிறவியை நம்புகிறார்கள்போல என்று நினைத்துக்கொள்வார். யோவான் 3இன் கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் ‘மேலிருந்து’ என்றும் இரண்டு பொருளும் உண்டு. ‘மேலிருந்து பிறப்பது’ என்று சொல்லுங்கள். நிக்கொதேமுவும் தவறாகப் புரிந்துகொண்டுதான் கேள்வி கேட்டார் என்பதையும் சொன்னால் கேட்பவர் வெட்கப்படாமல் கேட்பார்.

கடவுள் என்பதற்கே ஒரு சொல்லில் நாம் நிலைக்கவில்லை. நோபிலி ‘சர்வேசுரன்’ என்றார். புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்புகளில் ‘பராபரன்’ வந்து, பிறகு ‘தேவன்’ ஆனது. வீட்டில் பேசும்போது ‘ஆண்டவர்’ போதும். ‘கர்த்தர்’, ‘ஸ்தோத்திரம்’ போன்றவற்றைச் சபையில் வைத்துவிட்டுப் போங்கள்.

திருப்பிச் சொல்லவைத்தல்

‘புரிஞ்சுதுங்களா?’ என்று கேட்காதீர்கள், ‘சரிங்க’தான் வரும். ‘இந்தக் கதையை உங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்வீங்க?’ என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பதில் அவருடைய உலகம் தெரியும். கெட்ட குமாரன் கதையில் ‘அப்புறம் அந்தப் பையன் வேலை செஞ்சு அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டான்’ என்று அவராகவே ஒரு முடிவைச் சேர்த்தால், கிருபை இன்னும் காதில் விழவில்லை. திருத்தாதீர்கள். அடுத்த வாரம் அதே கதையை மறுபடி சொல்லுங்கள்.

இயேசுவை மட்டும் என்று ஒருவர் சொல்ல ஆறு மாதமும் ஆகலாம், ஆறு வருடமும் ஆகலாம். அவசரப்படுத்தினால் கிடைப்பது முதல் பத்தியில் சொன்ன படம்தான்.

சான்றிதழும் சட்டமும்

‘மதம் மாறுனா சாதி சர்டிபிகேட் என்ன ஆகும்?’ என்ற கேள்வியை ஆவிக்குரிய குறைவாக நினைக்கிறவர்கள் உண்டு. பிள்ளையின் கல்லூரி இடம் அதில் இருக்கிறது, நேரான பதில் சொல்வது உங்கள் கடமை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே அந்தத் தகுதி. கிறிஸ்தவரானால் அது போகும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடித் தகுதிக்கு மத நிபந்தனை இல்லை, ஆகவே ஏற்காட்டு மலையாளிகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சான்றிதழில் ஒன்றும் வாழ்வில் ஒன்றுமாக இருக்கச் சொல்லிக்கொடுப்பவர், ஒரு மனிதனின் விசுவாசத்தைப் பொய்யோடு தொடங்கிவைக்கிறார்.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரிசி, பணம், பள்ளி இடம், வேலை எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் பெற்றோர் அறியாமல் பேசக் கூடாது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை, அங்கே ஜெபம் அவர் கேட்டால் மட்டும்.

பொட்டும் கொலுசும்

பெண்கள் கட்டாயம் கேட்பது: ‘பொட்டை எடுக்கணுங்களா?’ கணவன் இருக்கும்போது வெறும் நெற்றி என்பது ஊரின் கண்ணில் அமங்கலம், மாமியாருக்கு அது சாபம் போலத் தெரியும். சபைக்குச் சபை வழக்கம் வேறு. சிலர் நகையே கூடாது என்கிறார்கள். கொலுசுக்குப் பெயர்போன ஊரில், பட்டறையில் உட்கார்ந்து சலங்கை கோப்பவருக்கு அந்த உபதேசம் எப்படிக் கேட்கும் என்று ஒரு கணம் யோசியுங்கள். அவருடைய முதல் கேள்வி மோட்சத்தைப் பற்றி இருக்காது. இவற்றை நீங்களாக எடுக்காதீர்கள். கேட்டால் உங்கள் சபை வழக்கத்தைச் சொல்லி, அது வேதத்தில் எந்த அளவு இருக்கிறது, எந்த அளவு வழக்கம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என்றாவது ஒருநாள் ஒருவர் சாமி படம், வேல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து ‘நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க’ என்பார். வாங்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். அதில் பாட்டியின் படமும் இருக்கும், பங்காளிகளுக்குச் சொந்தமான சூலமும் இருக்கும். எது யாருடையது என்று அவர் அம்மாவிடம் கேட்டு, குலதெய்வத்துப் பொருளைப் பூசை முறை எடுக்கும் பங்காளி வீட்டில் அவரே பகலில், எல்லாரும் பார்க்கக் கொண்டுபோய் ஒப்படைக்கட்டும். கூட வரச் சொல்லிக் கேட்டால் தெருமுனை வரை போங்கள்.